மூணாவது தடவைன்னா ஆள் இருக்கு

என் கணவரின் தம்பி மனைவியை, அதாவது என் ஓரகத்தியை, வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் 'பதினாறு' என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று மாடிப் பல்பொருள் கடை. மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதில் பதினாறு கட்டமாகப் பிரிந்த ஒரு திரை, அதன் முன்னால் இவள். யார் எதை எடுக்கிறார்கள், எடுத்ததைக் கூடையில் போடுகிறார்களா அல்லது குடைக்குள் போடுகிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் வேலை. ஒன்பது வருடமாகப் பார்க்கிறாள். பார்த்துப் பார்த்து, வீட்டில் நான் நீட்டுகிற டீயைக்கூட ஒரு தடவை சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் விடுப்புக் கடிதங்களை வாங்கிக் கோப்பில் வைப்பது என் வேலை. பத்துக் கடிதம் வந்தால் அதில் ஆறு வயிற்று வலி. பரீட்சை நாளில் எட்டு. இருபது வருடம் இதைப் படித்தவளுக்கு வயிற்று வலி என்ற சொல்லின் மேல் என்ன மரியாதை இருக்கும்? யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், அன்றைக்கு என்ன பாடவேளை என்றுதான் முதலில் பார்ப்பேன். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில். கீழே நாங்கள், மாடியில் அவர்கள், சமையல் மட்டும் ஒன்றாகக் கீழே.

அவள் தொழிலில் இரண்டு விதிகள் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் காய் நறுக்கிக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

"ஒரு தடவ சரக்கு குறைஞ்சா எண்ணினதுல தப்புக்கா. ரெண்டாவது தடவ குறைஞ்சா அடுக்கினதுல தப்பு. மூணாவது தடவையும் அதே அலமாரியில குறைஞ்சா, ஆள் இருக்கு."

"ஆளப் பாத்ததும் பாஞ்சு புடிச்சிடுவியா?"

"மாட்டேன். வாசலத் தாண்டுற வரைக்கும் அது திருட்டு இல்ல. கடைசி நிமிஷத்துல மனசு மாறி, கொண்டுபோய்த் திருப்பி வச்சவங்கள நிறைய பாத்திருக்கேன். அதனால கதவு வரைக்கும் விட்டுத்தான் பாக்கணும்."

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டு விதிகளும் ஒரு நாள் என்னையே சுற்றி வளைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவளுக்கு முதல் கரு எட்டாவது வாரத்தில் கலைந்தது. முதல் தடவை இப்படி ஆவது உண்டுதான் என்று ஆறுதல் சொன்னோம். அவளும் தலையாட்டிவிட்டு நாலாம் நாள் வேலைக்குப் போனாள். அடுத்த வருடம் இரண்டாவது, பத்தாவது வாரத்தில். அந்தத் தடவை மாடிப்படி ஏற வேண்டாம் என்று கீழேயே படுக்கை போட்டுக் கொடுத்திருந்தேன். அப்படியும் நிற்கவில்லை. டாக்டர் மாற்றினார்கள். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மரபணுச் சோதனைகூடச் செய்தார்கள். கொழுந்தன் கையில் காகிதக் கட்டோடு வந்து, "எல்லாம் நார்மல் அண்ணி" என்றான். அந்தச் சொல்லைக் கேட்டு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சந்தோஷம் வரவில்லை.

மூன்றாவது, ஒன்பதாவது வாரத்தில் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் மாடிக்குப் போகாமல் நடுப்படியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மூணு தடவக்கா" என்றாள்.

அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். கடைக்குள் நுழைகிறவர்களை அவள் அப்படித்தான் பார்ப்பாளாக இருக்கும்.

அடுத்த வாரத்திலிருந்து விசாரணை ஆரம்பமானது. பால் பாக்கெட் தனியாக வாங்கினாள். தண்ணீர்ப் பாட்டிலை வேலைக்குப் போகும்போது அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நான் கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். சாம்பார் கொதிக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "இதுல என்ன போட்டீங்க?" என்றாள். சமையல் குறிப்பு கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள், ஆனால் பதிலுக்காக என் வாயைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாள்.

"போன தடவ அன்னைக்கு நீங்க எத்தன மணிக்கு மாடிக்கு வந்தீங்க?"

"எதுக்குடி கேக்குற?"

"சும்மாதான். துணி எடுக்க வந்தீங்களா, வேற எதுக்காவதா?"

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் அவள் பட்டியலில் வேறு யாரும் மிச்சமில்லை. எங்கள் மாமியார் மூன்று தடவையும் தன் மகள் வீட்டில் இருந்தார், அதனால் தப்பித்தார். ஒரு மருமகள் சந்தேகப் பட்டியலிலிருந்து மாமியாரை முதல் ஆளாக நீக்கியதை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கொழுந்தன் பச்சைப் பாலகன் மாதிரி, கூப்பிட்ட இடத்துக்கு ரத்தம் கொடுக்கப் போகிறவன். மிச்சம் நான்தான். இரண்டு பிள்ளை பெற்றவள், சமையல் என் கையில்.

கோபம் தலைக்கேறியது. நாலாவதாவது என் கை படாமல் தங்கட்டும், அவர்கள் தனிக்குடித்தனம் போகட்டும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடக்காமலே, "புண்பட்டிருக்கா, விடு" என்றார். புண்பட்டவள் அவள் மட்டும்தானா என்று கேட்டேன். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

சந்தேகம் ஒட்டுவாரொட்டி. அவள் என்னைப் பார்க்கப் பார்க்க, நானும் அவளைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்படிப் பார்த்தபோதுதான் மாடிக் குப்பைக் கூடையில் அது கிடைத்தது. பழைய செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் இன்னொரு காகிதம் சுற்றி, உள்ளே காலி மாத்திரை அட்டைகள். அடுத்த மாதமும் அதே மாதிரி ஒரு பொட்டலம். மாத்திரையின் பெயர் கிழிக்கப்பட்டிருந்தது. ஒளித்துப் போடுகிற குப்பை என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அவள்தானே எனக்குச் சொல்லியிருக்கிறாள்?

சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். இவளே எதையோ விழுங்கிக் கலைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். கடையில் அவளுக்கு மேற்பார்வையாளர் பதவி வருவதாகப் பேச்சு இருந்தது. பிள்ளை வந்தால் அது போய்விடும் என்று கணக்குப் போட்டிருப்பாளோ, பழியைத் தூக்கி என் தலையில் போடத்தான் இந்த விசாரணை எல்லாமோ என்று மனசு ஓடியது. ஒரு வாரம் அதை உண்மை என்றே நம்பினேன்.

ஒரு விடுமுறை நாள், அவள் வேலைக்குப் போன பிறகு, மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். யாராவது கேட்டால் துணி வைக்க வந்தேன் என்று சொல்லலாம். அலமாரி பூட்டியிருந்தது. சாவி எங்கே இருக்கும் என்று யோசிக்கக்கூட இல்லை, காலண்டருக்குப் பின்னால் கை போனது. ஊரையே பிடிக்கிறவள், தன் சாவியை மட்டும் எல்லோரையும் போலவே வைத்திருந்தாள்.

மாத்திரை ஒன்றும் கிடைக்கவில்லை. துணி அடுக்குக்கு அடியில் ஒரு நீள நோட்டு கிடைத்தது.

மாதவிலக்குத் தேதியைக் குறிக்கிற நோட்டு அது. கல்யாணமான புதிதில் ஆரம்பித்திருக்கிறாள். வேறு மாதிரி கோடு போடத் தெரியாது போலிருக்கிறது, கேமரா அறைப் பதிவேட்டைப் போலவே கட்டம் போட்டிருந்தாள். தேதி, நேரம், யார், எங்கே, கடைசியில் 'பார்க்காத நேரம்'. திரைக்கு முன்னால் இருக்கிறவர் எழுந்து போனாலோ கேமரா அணைந்து போனாலோ அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

நான் பின்பக்கத்திலிருந்து திறந்தேன். கலைந்த மூன்று நாளுக்கும் மூன்று பக்கம், சுற்றிச் சிவப்பு மை. 'பெ.' என்று ஒரு எழுத்து வரிக்கு வரி வந்தது. 'காலை 7.40, பெ. கொடுத்த டீ.' 'மாலை 4.20, பெ. மாடிக்கு வந்தாள். காரணம் சொல்லவில்லை.' 'இரவு சாப்பாடு பெ.' பெ. என்றால் பெரியவள். அதாவது நான். என் வீட்டில், என் கையால் தின்றுகொண்டே, எனக்கு இப்படி ஒரு ஜாதகம் எழுதியிருக்கிறாள். அவள் வந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இது எந்தக் காலத்திலிருந்து நடக்கிறது என்று பார்க்க முதல் பக்கத்துக்குப் புரட்டினேன்.

முதல் பக்கத்தில் ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. கல்யாணமான இரண்டாம் மாதம்.

'வலி. எழுந்து நிற்க முடியவில்லை. பெ.யிடம் சொன்னேன். எல்லாருக்கும் வர்றதுதானே, இதுக்கெல்லாம் லீவு போட்டா எப்படி, ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும் என்றாள். இனிமேல் சொல்ல வேண்டாம்.'

எனக்கு அது ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னுடையதுதான். லீவு என்ற சொல் வந்த இடத்தைப் பார்த்தாலே தெரிந்தது. விடுப்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டு பிள்ளைகளிடம் நான் பேசுகிற அதே பேச்சு. வெட்கத்தில் நோட்டை மூடினேன், மறுபடி திறந்தேன்.

அதற்குப் பிறகு கோபமில்லாமல் படித்தேன். ஒவ்வொரு மாதமும் கடைசிக் கட்டம் நிரம்பியிருந்தது. 'பார்க்காத நேரம் 11 முதல் 4 வரை. மாத்திரை 4.' 'கடைக் கழிவறையில் உட்கார்ந்தபோது உள்ளே கிழிக்கிற மாதிரி. பார்க்காத நேரம் 25 நிமிடம்.' 'அவர் பக்கத்தில் வந்தாலும் ஆழத்தில் வலிக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.' 'படுத்திருந்தேன். அந்த நேரம் சமையலறையில் யார்?' தான் சுருண்டு கிடந்த நேரத்தை எல்லாம், வேறு யாரோ எதையோ செய்திருக்கக்கூடிய நேரமாகத்தான் அவள் எழுதி வைத்திருந்தாள். எண்ணினேன். கரு தங்கிய மாதங்கள் போக, அறுபத்தி மூன்று மாதம். குப்பைக் கூடைப் பொட்டலத்துக்கும் அதிலேயே பதில் இருந்தது. அது வெறும் வலி மாத்திரை.

நோட்டைத் திருப்பி வைக்கவில்லை. அவள் உட்கார்ந்த அதே நடுப்படியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தே காலுக்கு வந்தாள். நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் அலமாரியத் தொறந்தீங்களா?"

"தொறந்தேன். நீ என்னைப் பத்தி எழுதினதையும் படிச்சேன். மொதல்ல சண்ட போடுவமா, இல்ல இந்தக் கட்டத்தப் பாப்பமா?"

"அது நான் படுத்திருந்த நேரம். அதுல என்ன இருக்கு?"

"அதே அலமாரியில அறுபத்தி மூணு தடவ குறைஞ்சிருக்கு. நீ மூணுக்கே ஆள் இருக்குன்னு சொல்றவ."

வாங்கிப் பார்த்தாள். நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினாள். விரலால் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போனாள். பிறகு எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"டாக்டருங்க வலி இருக்கான்னு கேக்கலையா?"

"கேட்டாங்க. மூணு பேருமே கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எல்லாருக்கும் வர்ற மாதிரிதான்னு சொன்னேன்."

என் வாயிலிருந்து போன வாக்கியத்தை மூன்று டாக்டர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அது யாருடைய வாக்கியம் என்று அவள் சொல்லவில்லை. முதல் பக்கத்தை நான் படித்தேனா இல்லையா என்று அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அந்தச் சந்தேகத்தை நான் தீர்த்து வைக்கவில்லை.

புதிய டாக்டர் ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடுகிற ரகம். கொழுந்தன் வெளியே உட்கார்ந்துகொண்டான், நான் உள்ளே போனேன். நோட்டை வாங்கி ஆரம்பத்திலிருந்து படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முதல் பக்கம் இல்லை. தைத்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிசல் மட்டும் இருந்தது. என் ஓரகத்தி எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நோட்ட யாரும் இதுக்கு முன்னாடி பாக்கலையா?" என்றார் டாக்டர்.

"ஸ்கேன் நார்மல்னு சொன்னாங்க" என்றாள் இவள்.

"ஸ்கேன்ல எல்லாமே தெரியாது. வயித்துல சின்னதா ஒரு துளை போட்டு, கேமரா விட்டுப் பாத்தாத்தான் சிலது தெரியும்."

பல மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் உயிர் வந்தது. "கேமராவா? எந்தப் பக்கம் பாக்கும்?"

"கர்ப்பப்பைக்கு வெளிப்பக்கம். இவ்வளவு நாளா உள்பக்கம்தானே பாத்திருக்காங்க?"

"குருட்டு மூலை" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். கேமராவில் விழாத இடத்துக்கு அவள் கடையில் அதுதான் பெயர்.

அந்த மாதக் கடைசியில் பார்த்தார்கள். பார்த்த அன்றே அகற்ற முடிந்ததை அகற்றினார்கள். தையலைக் காட்டப் போன நாளில் டாக்டர் படங்களை மேஜையில் பரப்பினார். சிவந்த சதையில் ஆங்காங்கே கருநீலப் புள்ளிகள், ஒரு பக்கம் சவ்வு இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளோ ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் சாய்த்து, திருடனின் முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையோட உள்சுவர் மாதிரியே ஒரு திசு, இருக்கக் கூடாத இடத்துல, வெளியில வளருது. மாசாமாசம் அதுலயும் ரத்தம் கசியும். வெளிய போக வழி கிடையாது. அங்கேயே வீங்கி, புண்ணாகி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். வலி அதனாலதான்."

"மூணையும் எடுத்தது இதுதானா?"

டாக்டர் அவசரப்படவில்லை. "அப்படி என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இது இருக்கறவங்களுக்குக் கரு கலையறது கொஞ்சம் அதிகம்னு பல ஆய்வுல வந்திருக்கு. அந்த வீக்கம் கருவ ஒழுங்காத் தங்க விடாம பண்ணலாம்னு நினைக்கிறாங்க. ஆனா திரும்பத் திரும்பக் கலையறதுக்கு இதுதான் காரணமாங்கறதுல ஒரே முடிவு இன்னும் வரல. இத எடுத்துட்டதால அடுத்தது நிச்சயம் நிக்கும்னும் நான் வாக்குக் குடுக்க மாட்டேன். வலி குறையும். அடுத்த தடவ ஆரம்பத்துலேர்ந்தே கூட இருந்து பாப்போம்."

"சந்தேகக் கேஸ்னு வச்சுக்கலாமா?"

"பலமான சந்தேகம்னு வச்சுக்கோங்க."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. சத்தியம் பண்ணியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "ஆறு வருஷம் இவ்வளவு வலியோட இருந்திருக்கீங்க. ஒருத்தர்கிட்டகூட சொல்லலையா?"

"இல்ல டாக்டர்" என்றாள். "யார்கிட்டயும் சொல்லல."

கண் இமைக்காமல் சொன்னாள். ஒரு சோப்புக் கட்டியைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று நெஞ்சு இளகியது. அடுத்த நொடியே என் புத்தி வேலை செய்தது. காப்பாற்றவா செய்கிறாள்? அப்படியானால் கிழித்த பக்கத்தைக் குப்பையில் போட்டாளா, பத்திரமாக வைத்திருக்கிறாளா? டாக்டர் கோப்பை மூடினார். நாங்கள் எழுந்தோம். நான் முன்னால் போய்க் கதவைத் திறந்தேன். என் ஒரு கால் வராந்தாவில் இருந்தது. அவள் பின்னால் நின்றுகொண்டே இருந்தாள், பையை மாட்டிக்கொள்ள அவளுக்கு எப்போதும் அவ்வளவு நேரம் ஆகாது.

நான் திரும்பினேன்.

"டாக்டர், என்கிட்ட சொன்னா. கல்யாணம் ஆன ரெண்டாவது மாசமே சொன்னா. எல்லாருக்கும் வர்றதுதான்னு நான்தான் வாயடைச்சேன். அப்புறம் அவ யார்கிட்டயும் வாயத் தொறக்கல."

டாக்டர் கோப்பை மறுபடி திறந்தார். என் ஓரகத்தி ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கம் தள்ளினாள்.

"உள்ள வந்து உக்காருங்கக்கா" என்றாள். "முழுசா சொல்லுங்க."

வெளியே வந்த பிறகு வராந்தாவில் வைத்து, பையிலிருந்து நாலாக மடித்த அந்தப் பக்கத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நானா சொல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"வச்சிருந்திருப்பேன்" என்றாள்.

அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது நாலாவது தங்கியிருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாயெடுப்பதில்லை, டீயை இன்னமும் சாய்த்துப் பார்த்துத்தான் குடிக்கிறாள். ஆனால் நோட்டு என்னிடம் இருக்கிறது. வலி என்றால் எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று அவள் படியில் நின்று சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். நேற்று மாலை ஆறு பத்துக்கு, "இடுப்புல லேசாக்கா, ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும்..." என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எழுதிக்கொண்டேன். டாக்டருக்கும் போன் செய்து சொன்னேன். எட்டாவது வாரம், நாலாவது நாள்.